கரண்ட் போன கடைசிக் காட்சி

கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில் எனக்குக் குறை சொல்ல நிறைய இருக்கிறது. துப்பறிகிறவர் எந்நேரமும் கோட்டும் தொப்பியுமாக அலைவார். அந்தக் கோட்டோடு சித்திரை வெயிலில் தேனி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால், கொலைகாரனை விட்டுவிட்டு நிழலைத்தான் தேடுவார். மழை கேமராவுக்கு முன்னால் மட்டும் பெய்யும். குடும்ப டாக்டர் அளவுக்கு மீறி நல்லவராக இருந்தால் அவர்தான் என்று இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும். இவ்வளவு தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை மதியம் உள்ளூர் கேபிளில் அப்படி ஒரு படம் ஓடினால் நான் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

கால் உடைந்த வருடம் எழுந்திருக்கவும் முடியாது. குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஹாலில் கிடந்தேன். கணவர் காலமாகிவிட்டார், மகனுக்கு வெளியூரில் வேலை. என்னைப் பார்க்க எங்கள் சொந்த ஊர் ஓடைப்பட்டியிலிருந்து அண்ணனும் வந்தார், தம்பியும் வந்தான். சேர்ந்து வரவில்லை. இருவருக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது.

பேச்சு நின்ற கதையைப் படமாக எடுத்தால் பாதி ரீல்கூட வராது. அப்பாவின் திராட்சைத் தோட்டம் இருவருக்கும் பாதிப் பாதி. மருந்தடிக்கும் ஸ்பிரேயர் மட்டும் பொது; அது அண்ணனின் மோட்டார் ரூமில் இருக்கும். ஆண்டிபட்டியில் சித்தி மகன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான் என்று நானும் அண்ணனும் போய் இரண்டு நாள் தங்கினோம். இரண்டு ராத்திரியும் அண்ணன் விட்ட குறட்டையில் நான் கண்ணை மூடவில்லை. நாங்கள் அங்கே இருந்தபோது தோட்டத்தில் யாரோ அந்த ஸ்பிரேயரில் களைக்கொல்லி ஊற்றி வரப்பில் அடித்துவிட்டு, டேங்கைக் கழுவாமல் வைத்துவிட்டார்கள். தம்பி அது தெரியாமல் அதிலேயே பூஞ்சை மருந்தைக் கலந்து தன் கொடிகளுக்கு அடித்தான். ஒரு வாரத்தில் இலையெல்லாம் சுருண்டு, பூங்கொத்து கருகிப் போனது. அந்த வெள்ளாமை மொத்தமும் போயிற்று.

யார் செய்தது? வேலையாட்களைக் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் வீட்டில் கேட்டால் அண்ணி கோபித்துக்கொண்டார். மோட்டார் ரூம் சாவி அண்ணன் வீட்டில்தான் இருக்கும் என்பது ஒன்றுதான் தம்பிக்குத் தெரிந்த துப்பு. தோட்டத்தில் எல்லார் முன்னாலும், "வேணும்னேதேன் செஞ்சிருக்காக" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லை அண்ணனால் விழுங்க முடியவில்லை.

நான் தம்பியிடம் எத்தனையோ முறை சொன்னேன். "ஏலே, அண்ணன் ரெண்டு நாளும் எங்கூடத்தேன் இருந்துச்சு. அது விட்ட கொரட்டையில நான் தூங்கவே இல்லடா."

"ஆண்டிபட்டி என்ன அமெரிக்காவா? பகல்ல ஒரு எட்டு வந்துட்டுப் போயிருப்பாக. நீ எப்பவும் அவுக பக்கந்தேன பேசுவ" என்றான். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்ப முடியுமா? விட்டுவிட்டேன்.

நான் கட்டிலில் கிடந்த அந்த வருடம் ஆவணியில் தம்பி மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெரியப்பா பெயர் மேலே வர வேண்டும். வராவிட்டால் ஊர் அதைத்தான் முதலில் வாசிக்கும். அண்ணன் பெயர் இல்லாமலே அச்சடிக்கப் போவதாகத் தம்பி சொன்னான். "உம்பேரு இருக்கும்க்கா" என்று எனக்கு ஒரு சலுகை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எம்பேரும் வேணாம், போ" என்றேன்.

அண்ணன் காதுக்கும் அது போயிருந்தது. தினமும் அந்தப் பெண்ணை மொபெட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தவர் அவர். "அதனாலென்னத்தா, மண்டபத்துல பின்னாடி நின்னு பிள்ளைய ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

தம்பி ஞாயிறு காலையில் வந்து போய்விடுவான். அண்ணன் மதியம் வருவார், என்னைப் பார்க்கவும் படத்தைப் பார்க்கவும். அவர் வீட்டு டி.வி. பேரப்பிள்ளைகளின் சொத்து. ஒரு ஞாயிறு, சந்தைக்கு லோடு அனுப்பிவிட்டுத் தம்பி தாமதமாக வந்தான். வாசலில் நின்றபடி உள்ளே அண்ணனைப் பார்த்ததும் திரும்பினான். அந்த நேரம் பார்த்து டி.வி.யில் பங்களா விளக்கெல்லாம் அணைந்து, மறுபடி எரிந்தபோது மாடிப்படியில் ஒரு வக்கீல் செத்துக் கிடந்தார். தம்பி செருப்பைக் கழற்றாமலே நிலைப்படியில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, "செத்தது யாருக்கா?" என்றான். நான் சொன்னேன். செருப்பைக் கழற்றினான்.

அடுத்த ஞாயிறு படம் போடுவதற்கு முன்பே வந்துவிட்டான். ஒருவர் நாற்காலியில், ஒருவர் தரையில். இருவருக்கும் நடுவில் என் மாவுக்கட்டு.

"மேனேஜர்தேன்க்கா. சாவிக்கொத்து அவன்கிட்டத்தான இருக்கு" என்பான் தம்பி.

"ஏத்தா, சாவி வச்சிருக்கவனெல்லாம் கொலகாரனான்னு உந்தம்பிகிட்டக் கேளு" என்பார் அண்ணன்.

நான் வேலையில் இருந்தது தொலைபேசி நிலையத்தில். ஒரு காலத்தில் டிரங்க் கால் இணைத்தவள். பம்பாய்க்காரரையும் போடிக்காரரையும் இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இங்கே இருவரும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகக் காதில் விழுந்தது, ஆனாலும் ஆபரேட்டர் தேவைப்பட்டது. நான் வாய் திறக்காவிட்டாலும் என் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டார்கள்.

அப்படிப் பல ஞாயிறுகள் போயின. இந்தப் படங்களில் என்னதான் இருக்கிறது என்று அப்போது படுத்தபடியே யோசித்தேன். வேறு வேலையும் இல்லை. நிறம் இல்லாததால் ரத்தமும் மைபோலத்தான் தெரிகிறது, அதனால் பயம் இல்லை. கண் நேராக முகங்களுக்குப் போகிறது. யார் எச்சில் விழுங்குகிறார், யார் பார்வையைத் திருப்புகிறார் என்று கவனிக்கிறோம். என் உடன்பிறந்தவர்கள் யாரோ ஒரு மேனேஜரின் புருவத்தை அவ்வளவு உற்றுப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் தோன்றியது. படத்தில் கடைசியில் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைக்கிறார்கள். ஒருவர் எழுந்து, நான்தான் செய்தேன் என்கிறார். வீடுகளில் அது நடப்பதே இல்லை. உடைந்த கண்ணாடி டம்ளரைக்கூட யாரும் உடைத்திருக்க மாட்டார்கள், அது தானாகவே விழுந்திருக்கும். அந்த "நான்தான்" என்ற சொல்லைக் கேட்கத்தான் இத்தனை வருடம் கழித்தும் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஆடி பிறந்து காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. பத்திரிகையை இனியும் தள்ளிப்போட முடியாது, நாளைக்கு அச்சுக்குக் கொடுத்துவிடுவதாகத் தம்பி வந்தவுடனே சொன்னான். என்னிடம்தான் சொன்னான். அண்ணன் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய படத்தில் ஜமீன்தாருக்குப் பாலில் விஷம் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹாலுக்கு வரவழைத்து, கதவைச் சாத்தி, தொப்பியை மேஜைமேல் வைத்தார். எங்கோ மரக்கிளை கம்பியில் விழுந்திருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது.

தம்பி செல்லில் படத்தைத் தேடப் பார்த்தான். டவரும் இல்லை. மின்விசிறி நின்றதும் ஹால் புழுங்கியது. காற்று கதவைப் போட்டு உலுக்கியது. கறுத்துக் கிடந்த டி.வி. கண்ணாடியில் நாங்கள் மூவரும் மங்கலாகத் தெரிந்தோம்.

"யாரா இருக்கும்க்கா?" என்றான் தம்பி.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "நான்தேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்னண்ணே, நீயா வெசம் வச்ச?"

"படத்தச் சொல்லலத்தா." தம்பி பக்கம் திரும்பினார். "ஸ்பிரேயர்ல களைக்கொல்லி அடிச்சது நான்தேன்ப்பா. கழுவாம வச்சதும் நான்தேன். வேணும்னு செய்யல. என்னமோ நடந்துபோச்சு. இத்தோட விட்டுரு. பிள்ள கல்யாணத்த நல்லபடியா நடத்து."

மூன்று வருடத்தில் தம்பியிடம் நேராக அவர் பேசிய முதல் பேச்சு, அதுவும் பச்சைப் பொய். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

தம்பி தலையைக் குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வெளியே தகரம் ஏதோ உருண்டு போகும் சத்தம் கேட்டது. அவன் நிமிரவில்லை. குனிந்தபடியே பேசினான்.

"அன்னைக்கி நீ அக்காகூட ஆண்டிபட்டியிலல்ல இருந்த, அண்ணே."

அண்ணன் கையில் இருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"ரெண்டு ராத்திரியும் கொரட்ட விட்டு அக்காவத் தூங்க விடலையே நீ" என்றான்.

மூன்று வருடமாகத் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் சொன்ன அதே சொற்கள். ஒன்றுவிடாமல் காதில் வாங்கித்தான் வைத்திருக்கிறான். எனக்கு அழுகையும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது. காலில் கட்டு இருந்ததால் அழ மட்டும் செய்தேன். அண்ணன் துண்டை முகத்தில் வைத்தவர் எடுக்கவே இல்லை.

கரண்ட் வந்தபோது படம் முடிந்து, நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜமீன்தாருக்கு விஷம் வைத்தது யார் என்று மூவருமே பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அந்தக் களைக்கொல்லியை ஊற்றியது யார் என்றும் இன்றுவரை தெரியாது.

தம்பி வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். மாட்டிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பத்திரிகைய நாளைக்கித்தேன் அச்சுக்குக் குடுக்கணும்ண்ணே" என்றான்.

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "எம்பேருக்கு முன்னாடி இனிசியல ஒழுங்காப் போடச் சொல்லு. எங்கல்யாணப் பத்திரிகையிலயே மாத்தித்தேன் போட்டாக" என்றார்.