ஜமுக்காளத்தில் ஒரு ராக் கச்சேரி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தப் பட்டறை, சொந்த வீடு, வாசலில் கார். எல்லாம் இந்தக் கையால் சம்பாதித்தது. அதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? என் மகன் பெங்களூருக்குப் போய் ராக் கச்சேரி பார்த்துவிட்டு வந்து, "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்கப்பா" என்கிறான். எனக்கா புரியாது? அவன் பிறப்பதற்கு முன்பே, மேடைக்கு நேர் முன்னால் பவானி ஜமுக்காளம் விரித்துச் சம்மணம் போட்டு ராக் கேட்டவன் நான். இந்தக் கோயமுத்தூரில் அப்படிக் கேட்ட இன்னொருவன் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது பீளமேட்டில் மில்லுக்குப் பின்னால் குடியிருந்தோம். தை மாதக் குளிர். பக்கத்தில் ஒரு கல்லூரியில் சனியும் ஞாயிறும் விழா வைத்திருந்தார்கள். இரண்டு மாலையும் வெளியூர்ப் பையன்களின் இங்கிலீஷ் பாட்டுக் குழுக்கள். ஸ்பீக்கர் பெட்டிகளை உக்கடத்திலிருந்து ஏற்றி வந்தது என் கூட்டாளி சலீமுடைய அத்தாவின் டெம்போ. பெட்டி உள்ளே போனால் சலீம் உள்ளே போவான். அவன் போனால் நானும் குமரேசனும் போவோம்.

சனிக்கிழமை நாங்கள் பார்த்தது முதுகுகளை மட்டுந்தான். ஆனால் சத்தம் இருக்கிறதே, நெஞ்சுக்குள் யாரோ மாவு மில்லை ஓட்டிவிட்டது போல இருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் வீடு வந்த பிறகும் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டி எட்டிப் பாத்துக் கழுத்துப் புடிச்சுக்கிச்சுடா" என்று அழாத குறையாகச் சொன்னான் குமரேசன்.

எனக்கு மூளை வேலை செய்தது. மாரியம்மன் நோம்பிக்குப் பாட்டுக் கச்சேரி வைத்தால் எங்கள் சனம் என்ன செய்யும்? பொழுது சாயும் முன்பே போய்ப் பாயை விரித்து இடம் பிடித்துவிடும். அடுத்தவன் பாயை ஒருவனும் மிதிக்கமாட்டான். "நாளைக்கு விரிப்புக் கொண்டாரேன், பாருங்கடா" என்றேன்.

வீட்டில் கிழிசல் பாய்கள்தான் இருந்தன. காலேஜ் பிள்ளைகள் நடுவே அதை விரித்தால் மானம் போய்விடும். ஆனால் கொடியில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த பவானி ஜமுக்காளம். திங்கட்கிழமை காலையில் அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பெட்டியிலிருந்து இறங்கியது. "அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் தோலை உரிச்சுப்போடுவேன்" என்று அம்மா பொதுவாக ஒரு அறிவிப்பும் கொடுத்திருந்தாள். கச்சேரி முடிந்ததும் திரும்பி வரப்போகிற பொருள்தானே என்று சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புழுதி அடங்க மைதானத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மேடைக்கு எதிரே விரித்து, மூவரும் பொரி உருண்டையோடு உட்கார்ந்தோம். "குடும்பத்தோட வந்துட்டாங்கடா!" என்று ஒருத்தன் சிரித்தான். "செருப்பைக் கழட்டிட்டு நீங்களும் உக்காருங்கண்ணா" என்றேன். நம்புங்கள், நாலைந்து பேர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். என் பேச்சுக்கு அப்போதே ஒரு மரியாதை இருந்தது.

டிரம்மில் முதல் அடி விழுந்தது. அவ்வளவுதான். பின்னாலிருந்த கூட்டம் மொத்தமாக எழுந்து முன்னால் பாய்ந்தது. பாயை மிதிக்கக் கூடாதென்று அந்தச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் ஜமுக்காளத்தின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, "அய்யோ, அம்மா கொன்னுபோடும்" என்று கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை. ஜீன்ஸ் போட்ட ஒரு பொண்ணு குனிந்து என் காதில், "தம்பி, எந்திரி! உக்காந்திருந்தா நசுங்கிப்போயிருவே!" என்றாள். கையைப் பிடித்து இழுத்தும் விட்டாள்.

எழுந்தேன். அவள் குதித்தாள், நானும் குதித்தேன். சலீம் தலையை ஆட்டிய வேகத்தில் அவன் குல்லா எங்கேயோ பறந்தது. குமரேசன் யாரோ ஒருத்தன் தோளில் ஏறியிருந்தான். பனி இறங்குகிறது, எனக்கோ வியர்க்கிறது. ஜமுக்காளத்தின் ஞாபகமே வரவில்லை.

முடிந்தபோது அது சேற்றில் புரண்ட எருமை போலக் கிடந்தது.

கொல்லை வழியாகத்தான் வீட்டுக்குள் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அக்கா பார்த்துவிட்டாள். பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்து, இரண்டு வருஷமாக வீட்டில் வயர் கூடை பின்னிக்கொண்டிருந்தவள். ஓங்கி ஒன்று வைப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விரித்துப் பார்த்தாள்.

"ஏன்டா கண்ணு, பொண்ணுங்களுமா குதிச்சாங்க?"

"ஆமாக்கா. உன்ற வயசுதான் இருக்கும். செருப்புக்கூடக் கழட்டல."

"ஆரும் வெய்யலையா?"

"எதுக்குத் திட்டறாங்க? அத்தனை பேருமேதான் குதிச்சாங்க."

நடுவில் சின்னதாக ஒரு செருப்புத் தடம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்து மெதுவாகச் சுற்றி வரைந்தாள். "இது பொண்ணு காலு மாதிரி இருக்குது" என்றாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள்.

ஜமுக்காளத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். காலையில் அம்மா குளிக்கப் போன நேரம், சேற்றுப் பக்கம் தரையைப் பார்க்க நானே விரித்து, மேலே தட்டிச் சுத்தமாக்கினேன். இந்த யோசனை எந்தப் படித்தவனுக்கு வரும்? நிம்மதியாகப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது விருந்தாளிகள் வந்துவிட்டிருந்தார்கள். ஜமுக்காளம் சேறு மேலே தெரியக் கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "ஏனுங்க அம்மணி, இதும்மேல எருமை கிருமை கட்டியிருந்தீங்களா?" என்றாள். அம்மா முகம் செத்துப்போயிற்று. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். நான் விரித்துவிட்டுப் போனதை மாற்றிப் போட்டது யார்? அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லையே, அவள் அலங்காரத்தில் இருந்தாளே.

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். எல்லோரும் ஓரமாகச் சுற்றி நிற்க, அவள் நேராக ஜமுக்காளத்தின் நடுவுக்குப் போய், அந்தச் சின்னத் தடத்தின்மேல் தன் வெறுங்காலை அளவாக வைத்து நின்றாள். தலை குனியவில்லை.

அவர்கள் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். சொல்லி அனுப்பவேயில்லை. அம்மா கரண்டியோடு என்னைத் துரத்தியபோது அக்காதான் குறுக்கே வந்து நின்றாள். அந்த ஜூனில் அப்பாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் சண்டை போட்டுக் காலேஜிலும் சேர்ந்தாள்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். பாவம் அக்கா, நான் அடி வாங்கக் கூடாதென்று அந்தக் கறையைக் காலால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.