வழி சொல்லும் கேசட்

வீடியோ கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மறுபடி எதையும் அதில் பதிய முடியாது. வாடகைக்கு விடும் படக் கேசட்டுகளில் அது உடைந்தே இருக்கும். அத்தை அந்த ஓட்டையின்மேல் செல்லோடேப் ஒட்டிவிடுவார். பழைய படத்தின்மேல் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். போன வருடம் அவர் இறந்தபின் அப்படி ஒட்டிய பத்தொன்பது கேசட்டுகள் என்னிடம் வந்தன.

அத்தை அப்பாவின் தங்கை, தனியாள். கீழ் கோத்தகிரியில் நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். முன்னறை அவருடைய வீடியோ கடை. டெக்கும் கேசட்டும் வாடகைக்குத் தருவார். கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கல்யாணங்களும் எடுப்பார். மழைக்காலத்தில் கேசட்டுகளுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். ஈரத்துணியோடு நான் அந்தப் பக்கம் போனாலே திட்டு விழும்.

பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடங்களில் முதலில் கல்யாண வீடியோ நின்றது. பிறகு குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கு இறங்கின. போகிறவர்கள் அத்தையிடம் வந்து, "எங்க ஊட்டை ஒருக்கா எடுத்துக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். புதுக் கேசட் வாங்கும் நிலையில் யாரும் இல்லை. கேபிள் டிவி வந்தபின் சீண்டுவாரற்றுக் கிடந்த படங்களின்மேல் அத்தை அவர்களைப் பதிந்தார். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒன்று தனக்கு. மூன்று நிமிடம் குடும்பம் வாசலில் நிற்கும். அது முடிந்ததும் பழைய படத்தின் சண்டை பாதியிலிருந்து தொடரும்.

அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, வீட்டுப் பெரியவர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடுவரை வழி சொல்ல வேண்டும். குழந்தைகள் மறந்துவிடக் கூடாது. இரண்டு, கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. அத்தை எல்லாவற்றையும் கைச்சாடையிலேயே முடித்துவிடுவார்.

அந்த இரண்டாம் விதிதான் இப்போது எனக்கு இடைஞ்சல். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். கேசட்டுகளைத் துடைத்து, எண்ணிட்டு, கணினிக்கு மாற்றினேன். நான்கில் பூஞ்சை. பதினான்கில் வாசல்கள், வெட்கச் சிரிப்புகள், வழிகள். ஒன்றிலும் அத்தை இல்லை. முகமும் இல்லை, குரலும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மிச்சமிருந்த ஒன்றில் நாங்கள் நின்றோம். எனக்கு ஆறு வயது, குல்லாய் கண்ணை மறைக்கிறது. அப்பா தொண்டையைச் செருமுகிறார்.

"பஸ்ஸ உட்டு எறங்கி, கோயிலத் தாண்டி நேரா வரோணும். தண்ணித் தொட்டிகிட்ட பீச்சாங்கைப் பக்கம் திரும்புனா நம்ம ஊடு."

கேமரா குலுங்குகிறது.

"ஏனுண்ணா, பொறந்ததுலருந்து நடந்த வழி! பீச்சாங்கைப் பக்கம் போனா சுடுகாடல்லோ வரும்? சோத்தாங்கைன்னு சொல்லுங்க. புள்ள திரும்பி வர வேண்டாமா?"

"உங்கண்ணனுக்குச் சாப்புடற கை எதுன்னு இலையப் போட்டாத்தான் தெரியும்" என்கிறார் அம்மா. எல்லோரும் சிரிக்கிறார்கள், அத்தையும். பதினோரு விநாடி. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

நாங்களும் இறங்கிப் போனோம். அத்தை மட்டும் அந்த வீட்டிலேயே இருந்தார். "லீவுக்கு வா சாமி" என்று போனில் கூப்பிடுவார். பரீட்சை, வேலை, அடுத்த மாதம் என்று ஏதாவது ஒன்று சொல்வேன். கடைசி ஒன்பது வருடங்களில் ஒருமுறைகூடப் போகவில்லை.

போனது அவருடைய சாவுக்குத்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாடுவரை போவதில்லை. தண்ணீர்த் தொட்டியோடு நின்றுவிடுவார்கள். அங்கேதான் நானும் நின்றேன். அப்பா கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, அத்தையை இடப்பக்கம் கொண்டுபோனார்கள். அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, யாரும் வழி சொல்லாமலே, வலப்பக்கம் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.