அசியாமாவுக்குத் தூக்கம் வந்த கதை

குமாசி நகரில் மினிபஸ் ஓட்டும் அசியாமாவுக்கு வயிறு ஸ்டியரிங்கில் இடிக்க ஆரம்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. முழங்கால் வலி என்று போனால் டாக்டர்கள், "உடம்பைக் குறைங்க" என்பார்கள். எப்படி என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஒருமுறை பட்டினி கிடந்து கொஞ்சம் இளைத்தார். ஸ்டாண்டில் உடனே கேலி கிளம்பியது: "என்னண்ணே, அண்ணி சோறு போடுறதில்லையா? இல்ல, ஏதாச்சும் பெரிய வியாதியா?" மனைவி பொகுவாவுக்கு மானம் போயிற்று. அன்றே மரவள்ளிக்கிழங்கை இடித்துப் பிசைந்த பெரிய ஃபூஃபூ உருண்டையைத் தட்டில் வைத்தாள். இறங்கிய எடை வட்டியோடு திரும்பியது.

பிறகொரு மத்தியானம், போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றிருந்தபோது அவருக்குக் கண் சொக்கிவிட்டது. வண்டி மெல்ல உருண்டு முன்னால் இருந்த லாரியில் முட்டியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண் போட்ட கூச்சலில் அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவரை உணவு ஆலோசகர் ஜிஃபாவிடம் அனுப்பினார்கள். பொகுவாவும் சண்டைக்குத் தயாராகக் கூடப் போனாள்.

"என் சமையல்தான் காரணம்னு சொல்லப்போறீங்களா?"

"உங்க சமையலை யாரு குறை சொன்னா, அக்கா?" என்று சிரித்த ஜிஃபா, அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வண்டி ஓட்டும்போது என்ன குடிப்பீங்க?"

அசியாமா மனைவி முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாட்டில்ல வர்ற இனிப்பு மால்ட்டும்மா. இல்லன்னா கோலா. ட்ரிப்புக்கு ஒண்ணு. இல்லாட்டி தூக்கம் தள்ளுது."

"அப்ப ராத்திரி தூங்குறதில்லையா?"

"நல்லா தூங்குறாரே!" என்றாள் பொகுவா. "குறட்டைல கூரை பறக்கும். நடுவுல மூச்சே நின்னுடும், நான்தான் இடிச்சு எழுப்புவேன்."

ஜிஃபா பேனாவைக் கீழே வைத்தாள். "இதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

"மூச்சு நின்னு நின்னு சரியா தூங்காத உடம்பு பகல்ல இனிப்பைத்தான் தேடும். அது உங்க தப்பில்லண்ணே."

அசியாமாவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

ஜிஃபாவே அவரை மூச்சு சம்பந்தப்பட்ட டாக்டரிடம் கூட்டிப்போனாள். மூச்சு நிற்காமல் காற்றை ஊதும் ஒரு முகமூடிக் கருவியைத் தூங்கும்போது மாட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். ஃபூஃபூவை நிறுத்தச் சொல்லவில்லை. உருண்டை சிறியதானது, சூப்பில் கீரையும் கத்திரிக்காயும் கூடின, மால்ட் இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது. டாக்டர் சரி என்ற பிறகே மறுபடி வண்டியை எடுத்தார்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. ஈஸ்டர் விருந்துகள் முடிந்து பொகுவாவோடு ஜிஃபாவிடம் போனபோது ஏறியிருந்தது. திட்டு விழும் என்று தலைகுனிந்து உட்கார்ந்தார்.

"எத்தனை சொந்தக்காரங்க வீட்டுல சாப்பிட்டீங்கண்ணே?"

"எல்லார் வீட்டுலயும்தாம்மா!"

மூவரும் சிரித்தார்கள். முதல்முறையாக, அடுத்து எப்போது வரவேண்டும் என்று அவரே கேட்டார்.