வேண்டாமென்ற இருபத்தாறு

இத்தாலியின் பொலோஞாவுக்கு ஒரு பருவம் படிக்க வந்த உக்னே, ஆறாவது வாரத்திலேயே உள்ளூர்க்காரி ஆகிவிட்டாள். ஊருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பதினொரு மணிக்கு மேல் யாராவது பால் விட்ட காப்பி கேட்டால் அவளுக்கு முகம் சுளிக்கும். கடைக்காரருக்கே சுளிக்காது, அவர் பாட்டுக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். பட்டம் வாங்காமல் பெரிய கோபுரத்தில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்று மாணவர்கள் நம்புவதை, கோபுரத்தடியில் நிற்கும் சுற்றுலாக்காரர்களிடம் கேட்காமலேயே சொல்வாள். அவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த ஓய்வூதியக்காரர்கள். பட்டமெல்லாம் எப்போதோ வாங்கியாகிவிட்டது, நன்றி சொல்லிவிட்டு டிக்கெட் எடுக்கப் போவார்கள். நூலகத்தில் ஒருநாள் பக்கத்து நாற்காலிப் பெண் லித்துவேனிய மொழியில் பேனா கேட்டாள். உக்னே சொந்த மொழி புரியாதது போல முழித்துவிட்டு இத்தாலியத்தில் பதில் சொன்னாள். அதுவும் தப்பும் தவறுமாக. இன்று நாற்பதை நெருங்கும் வயதில், இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் கையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

அவள் லித்துவேனியாவில் பனவேஜிஸ் ஊர்க்காரி. அப்பா ஸிக்மாஸ் அங்கே பேருந்து ஓட்டுநர். மகள் வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கும்போது இந்த வாய்ப்பு வந்தது. ஐரோப்பாவிலேயே பழைய பல்கலைக்கழகத்தில் என் பெண் படிக்கிறாள் என்று டிப்போவில் சொல்லாத ஆளில்லை. பழசு என்றால் எவ்வளவு பழசு என்று ஒரு மெக்கானிக் கேட்டதற்கு, "நம்ம மூணாம் நம்பர் வண்டியைவிடப் பழசு" என்றாராம்.

நாலாவது மாடியில் ஓர் அறை. கூடத் தங்கியிருந்தவள் ஃபிலோமேனா, தெற்கே ஃபோஜாவிலிருந்து சட்டம் படிக்க வந்தவள். ஐந்து வருடப் படிப்பில் ஏழாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை அவள் அம்மா தக்காளிச் சாற்றைப் பாட்டில் பாட்டிலாக நிரப்பி, ஊர் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார். அந்தச் சாற்றைக் கொதிக்கவிட்டுக்கொண்டேதான் ஃபிலோமேனா உக்னேவுக்குப் பல்கலைக்கழகத்து சூட்சுமங்களைச் சொல்லிக்கொடுத்தாள்.

"பரீட்சையில எவ்வளவு போட்டாலும் உடனே வாங்கிக்காதடி. இருபத்தேழுக்குக் கீழ போச்சுன்னா வேண்டாம்னு எழுந்து வந்துடணும்."

"மார்க்கையா? வேண்டாம்னு சொல்லலாமா?"

"பின்னே? முப்பதுக்குப் பதினெட்டு எடுத்தா பாஸு. ஆனா பாஸானா போதுமா? வேண்டாம்னு சொல்லு, அடுத்த தேதிக்கு வா, நல்லா படிச்சு முப்பது வாங்கு. ஏன், உங்க ஊர்ல குடுத்ததை வாங்கிட்டுத் தலையாட்டிட்டு வந்துடுவீங்களா?"

ஆமாம், அவர்கள் ஊரில் அப்படித்தான். அங்கே மதிப்பெண் மழை மாதிரி, பெய்தால் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆசிரியர் போட்டதை ஒரு மாணவி வேண்டாமென்று தள்ளலாம் என்பதைக் கேட்டதும் உக்னேவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதல்லவோ நாகரிகம் என்று நினைத்தாள்.

"நீ எத்தனை தடவை வேண்டாம்னு சொல்லியிருக்கே?"

"பதினோரு தடவை," என்றாள் ஃபிலோமேனா, கரண்டியை உயர்த்திப் பிடித்து.

ஐந்து வருடப் படிப்பு ஏன் ஏழாவது வருடத்தில் நிற்கிறது என்று அப்போதே யோசித்திருக்கலாம். அந்தப் புத்தி உக்னேவுக்கு அன்று இல்லை.

அவள் எடுத்தது மூன்று பாடங்கள். மூன்றிலும் தேறிய சான்று பிப்ரவரி முடிவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மூன்றாம் ஆண்டு கணக்கில் வராது. தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து அதே ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். இரண்டு பாடங்கள் டிசம்பரிலேயே நல்லபடியாக முடிந்தன. பாக்கி இருந்தது பேராசிரியர் மலகூட்டியின் இடைக்கால நகர வரலாறு.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி பரீட்சை. எழுதுவதெல்லாம் கிடையாது, வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவும் தனியாக அல்ல. பேராசிரியருக்கு எதிரே ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் முறை வராதவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களுமாக முப்பது பேர். யார் உளறினாலும் முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். ஃபிலோமேனா வேறு துணைக்கு வருகிறேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மலகூட்டி மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுபவர். ஊருக்குள் ஓடிய கால்வாய்களைப் பற்றிக் கேட்டார். பட்டு ஆலைகள், தண்ணீர்ச் சக்கரங்கள், எல்லாவற்றையும் உக்னே கடகடவென்று சொன்னாள். அடுத்து தெருவோரத்து வளைவு மண்டபங்களைக் கேட்டார். அங்கேதான் அவளுக்கு உற்சாகம் கரைபுரண்டது.

"குதிரையில வர்ற ஆள் தலை இடிக்காம போகணும்னு நாங்க அதை உயரமா கட்டினோம்," என்றாள்.

"நாங்களா?" மலகூட்டி கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். "நீங்க எப்ப கட்டினீங்க?"

பின்னால் முப்பது பேரும் சிரித்தார்கள். காது சுட, அவள் அடுத்த கேள்விக்கு வருடத்தை மாற்றிச் சொன்னாள்.

"பரவாயில்ல, நல்லாவே படிச்சிருக்கீங்க," என்றார் அவர். "இருபத்தாறு போடறேன். சம்மதமா?"

இருபத்தாறு! பனவேஜிஸில் இதைச் சொன்னால் அப்பா டிப்போவுக்கே கேக் வாங்கியிருப்பார். ஆனால் முதுகுக்குப் பின்னால் இன்னும் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளூர்க்காரி என்றால் என்னவென்று இவர்களுக்குக் காட்ட வேண்டாமா? உக்னே எழுந்து நின்றாள். எழுந்து நிற்க வேண்டியதே இல்லை, யாரும் அப்படி நிற்பதில்லை.

"மன்னிக்கணும் பேராசிரியர். எனக்கு இது வேண்டாம்."

மலகூட்டி பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமாத்தானா?"

"நிச்சயமா."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். தாழ்வாரத்தில் ஃபிலோமேனா ஓடிவந்து கட்டிப் பிடித்தாள். "ஏய், இப்பத்தாண்டி நீ எங்க ஆளு!" அந்த வார்த்தைக்காகத்தானே ஐந்து மாதம் காத்திருந்தாள். உணவகத்துக்குப் போகிற வழியெல்லாம் உக்னே தரையில் நடக்கவில்லை.

தட்டைக் கீழே வைக்கும்போதுதான் ஃபிலோமேனா கேட்டாள்: "அடுத்த தேதி என்னைக்கு?"

"தெரியல. அடுத்த வாரம் இருக்கும்ல?"

"அடுத்த வாரமா? மலகூட்டி அவ்வளவு சீக்கிரம் வைக்க மாட்டாரே. பலகையில பாக்கலியா நீ?"

இருவரும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். பிப்ரவரி பதினேழு. அதற்கப்புறம் ஜூன். உக்னேவின் அறை ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது. விமானச் சீட்டும் அன்றைக்குத்தான்.

"அப்போ ஜூன்ல வந்து எழுது," என்றாள் ஃபிலோமேனா, வாழ்நாள் முழுக்க அதையே செய்துவந்த நிம்மதியோடு.

"எனக்கு ஜூன் கிடையாதுடி. பிப்ரவரிக்குள்ள சான்று போகலன்னா ஒரு வருஷமே போச்சு."

"இதை நீ முன்னாடி சொல்லவே இல்லியே!"

சொல்லத்தான் இல்லை. ஒரு பருவத்து விருந்தாளி என்று யாருக்கும் ஞாபகம் வரக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவள், அதைத் தானே மறந்துபோனாள். பதினோரு தடவை வேண்டாமென்றவளுக்குப் பன்னிரண்டாவது தேதி எப்போதும் இருந்தது. இவளுக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

சாயந்திரம் வெளிநாட்டுக்குப் பேசும் கடைக்குப் போய், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அப்பாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். ஸிக்மாஸ் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

"இரு, இரு. அவர் குடுத்தாரு, நீ வேண்டாம்னியா?"

"ஆமாப்பா. இங்க அப்படித்தான் வழக்கம்."

"கொறைச்சலான மார்க்கா?"

"இல்லப்பா. நல்ல மார்க்குதான்."

பிறகு, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியாதபோது கேட்கும் கேள்வி அது.

மறுநாள் வெட்கத்தை விட்டு மலகூட்டியின் அறைக்கே போனாள். வாசலில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே போனதும், இரவெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம் காணாமல் போய்விட்டது.

"பேராசிரியர், அந்த இருபத்தாறு... நான் வாங்கிக்கறேன்."

"எந்த இருபத்தாறு?"

"நேத்து நீங்க குடுத்தது."

"குடுத்தேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க. பட்டியலை மூடிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியாச்சு. இப்ப அது எங்கிட்ட இல்லையே அம்மா." குரலில் கோபமே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்க யாரும் இங்க வேண்டாம்னு சொல்லி நான் பார்த்ததில்ல. நீங்க ஏன் சொன்னீங்க?"

"இங்க எல்லாரும் சொல்றாங்கன்னு..." என்று இழுத்தாள்.

"எல்லாரும் இங்கயே இருக்காங்க," என்றார் மலகூட்டி, கண்ணாடியைத் தேடிக்கொண்டே. "பதினேழாம் தேதி வாங்க."

விமானச் சீட்டை மாற்றினாள். பிப்ரவரி முதல் தேதி அவள் அறைக்கு ஒரு ஸ்பெயின் பெண் பெரிய பெட்டியோடு வந்து சேர்ந்தாள். உக்னே சமையலறை சோஃபாவுக்குக் குடிபெயர்ந்தாள். காலால் எட்டி உதைத்தால் குளிர்பெட்டி, தலையை நீட்டினால் தக்காளிப் பாட்டில். அந்த ஸ்பெயின் பெண் பகல் பன்னிரண்டு மணிக்குப் பால் காப்பி போட்டுக் குடித்தாள். உக்னே வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை வாரம் படித்தாள் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயந்தாள். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தும் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிடும். ஜனவரியில் நாக்கு நுனியில் இருந்த கால்வாய்கள்கூட வற்றிவிட்டன. ஃபிலோமேனா பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பாள், பதில் வராவிட்டால் தானே சொல்லிவிடுவாள். சட்டம் படிப்பவள் இடைக்கால வரலாற்றில் இவளைத் தாண்டிப் போய்விட்டாள்.

பதினேழாம் தேதி அதே அறை, அதே நாற்காலி. மலகூட்டி கால்வாயைக் கேட்கவில்லை, மண்டபத்தையும் கேட்கவில்லை. தொழிற்குழுக்களின் வரிவிதிப்பைக் கேட்டார். உக்னே திக்கினாள், முழித்தாள், வருடங்களைக் கலைத்துப் போட்டு எடுத்தாள். ஒரு இடத்தில் பேராசிரியரே பாதி வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தும் மீதிப் பாதி வரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவளுக்குக் கேட்டிருக்காது.

மலகூட்டி பெருமூச்சு விட்டார். "பத்தொன்பது. அன்னிக்கு இதைவிட எவ்வளவோ நல்லா சொன்னீங்க. சம்ம—"

"சம்மதம்!"

"யோசிச்சுச் சொல்லுங்க. ஜூன்ல—"

"யோசிச்சாச்சு பேராசிரியர். சம்மதம். எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் இடத்தைக் காட்டிய விரலை எடுப்பதற்குள் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தாழ்வாரத்தில் ஃபிலோமேனா, "பத்தொன்பதா? ஏண்டி வாங்கினே!" என்று அடித்தொண்டையில் கத்தினாள். அவள் மேல் உக்னேவுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. தன் மேலும்தான்.

நேரே தொலைபேசிக் கடைக்குப் போனாள். அப்பா டிப்போவில் இருந்து எடுத்தார். பின்னால் ஆட்களின் பேச்சுக் குரல் கேட்டது.

"பாஸ்ப்பா. பத்தொன்பது."

"பத்தொன்பதா?" குரல் சட்டென்று தணிந்தது. கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்தது. "ஏம்மா, இதைப் போய் ஏன் வாங்கினே? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அப்பா?"

"இல்லம்மா, இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். இத்தாலிக்காரன் மார்க் போட்டான், எம் பொண்ணு போதாதுன்னு எழுந்து வந்துட்டான்னு. ஒரு மாசமா இங்க அதுதான் பேச்சு. மேனேஜர்கூட என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அன்னிக்கு அவ்வளவு தைரியமா வேண்டாம்னவ, இன்னைக்கு எப்படிம்மா பத்தொன்பதை வாங்கினே?"

ஐந்து மாதமாக எதற்கும் ஒரு பதில் வைத்திருந்தவள் உக்னே. இங்கே இப்படித்தான், எங்கள் வழக்கம் இது, உங்களுக்குத் தெரியாது. அதில் ஒன்றும் இப்போது வாயில் வரவில்லை.

"பயந்துட்டேன்ப்பா," என்றாள். "அன்னிக்குத் தைரியம் எல்லாம் இல்லப்பா, சும்மா வீம்பு. இங்க நான் யாருமே இல்ல. எனக்கு வீட்டுக்கு வரணும்."

சொல்லிவிட்டு அழுதாள். கூண்டுக்கு வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டப்போய், கையை எடுத்துக்கொண்டார்.

"அட, இதுக்குப் போய்..." ஸிக்மாஸ் தடுமாறினார். "அழாதம்மா. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, வில்னியஸ் ஏர்போர்ட்டுக்கு நானே வர்றேன். பாஸாயிட்டேல்ல, அப்புறம் என்ன?"

"டிப்போல என்னப்பா சொல்வீங்க?"

"எத்தனைக்குப் பத்தொன்பதுன்னு இங்க எவனுக்கும்மா தெரியும்? இருபதுக்குன்னு சொல்லிடறேன்."

ஃபோனை வைப்பதற்குள், அவர் பின்னால் திரும்பி அதை உரக்கச் சொல்வது அவளுக்குக் கேட்டது. யாரோ கை தட்டினார்கள்.