சாந்து பூசாத மதில்

சனிக்கிழமை காலை சைட்டில் இறங்கினால், கடலோர மதில் பளிச்சென்று இருந்தது. கல் இடுக்கெல்லாம் புது சிமெண்ட்.

எழுபதுகளின் கடைசியில், வளைகுடாவில் ருவைஸில், ஒரு ஜப்பான்கார கம்பெனிக்கு நான் ஃபோர்மேன். அந்த மதிலுக்குக் கல்லை அடுக்கத்தான் வேண்டும், இடுக்கில் சிமெண்ட் கூடாது என்பது இன்ஜினியர் தனாகாவின் உத்தரவு. முத்தையா மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. பாயிண்டிங் பண்ணாத, இடுக்குப் பூசாத சுவர் அவருக்குப் பொட்டில்லாத நெற்றி. வெள்ளிக்கிழமை லீவில், யாரும் கேட்காமலே, ஆட்களோடு வந்து எல்லா இடுக்கையும் பூசிவிட்டார். ஓவர்டைம்கூடக் கேட்கவில்லை.

"அரைகுறையா நின்னுச்சுண்ணே, மனசு கேக்கல," என்றார்.

சைட் மேனேஜர் சுருக்கமாகப் பேசுபவர். "கலாஸ், முடிஞ்சுது. விசா கேன்சல்."

முத்தையா நிலத்தை விற்று வந்து ஒரு மாதம் ஆகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மற்றவர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள். தனாகா ஒரு கல்லில் உட்கார்ந்து சரித்திரம் சொன்னார். அவர் இங்கிலீஷை நான் தமிழாக்கினேன். ஒசாகாவில் ஒரு கோட்டை, சுற்றிலும் அகழி. மதிலெல்லாம் சாந்து படாத கல். பின்னால் சில்லுக்கல் நிரப்பியிருப்பதால் மழைத் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். பெரும்படை முற்றுகையிட்டும் உள்ளே வர முடியவில்லை. சமாதானம் பேசினார்கள். அந்தச் சமாதானத்தின் பேரில் எதிரிப் படையே வந்து அகழியைத் தூர்த்துக் கொடுத்தது. சில மாதத்தில் கோட்டை விழுந்தது.

விசா போகிற நேரத்திலும் முத்தையாவுக்குச் சந்தேகம். "ஏன் சார் தூர்க்க விட்டாங்க?"

"சண்டை முடிஞ்சுதுன்னு நம்பினாங்க," என்றார் தனாகா.

மேனேஜர் வாட்சைப் பார்த்தார். "ஆளை அனுப்பலாமா?"

"பூசினவரே எடுக்கட்டும்," என்றார் தனாகா. "வேற ஆள் கல்லை உடைச்சிடுவாங்க."

விசா பிழைத்தது. உளி வைத்துக் கொத்தினார்கள். ஒரு ஓரம் பாக்கி இருக்கும்போது மழை கொட்டியது. கொத்திய இடமெல்லாம் தண்ணீர் ஒழுகியது, மதில் நின்றது. பூச்சு பாக்கியிருந்த ஓரம் வயிறு தள்ளி, கடலில் சரிந்தது.

முத்தையா நனைந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணிக்கும் எக்ஸிட் முத்திரை அடிச்சுக் குடுத்துடணும்ணே. பிடிச்சு வச்சா நம்மளயும் சேத்துக் கவுத்துரும்."

அதற்குப் பிறகும் பல சைட் பார்த்துவிட்டேன். லீவு நாளில் சும்மா உதவிக்கு வருகிறவர்களுக்கு முதலில் நன்றி சொல்வேன். சொன்ன கையோடு, எதைத் தூர்க்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பேன்.