கரையில் கிடந்த ஒற்றை முட்டை

அந்த முட்டையை முதலில் பார்த்தபோது கூழாங்கல் என்றுதான் நினைத்தேன். ரங்கத் என்ற தீவு ஊரிலிருந்து ஸ்கூட்டரில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு நாலா வரும். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் அந்த ஓடையைக் கடந்தால், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மணற்கரை. அங்கே அலை எட்டாத மேட்டில், கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாமல், வெறும் மணலில் பழுப்புத் திட்டுகளோடு அது கிடந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் மிதித்திருப்பேன். கூட வந்த நர்ஸ் சிஸ்டர்தான் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “அண்ணே, அசையாம நில்லுங்க. அங்க பாருங்க, தாய் நிக்குது.”

நான் அப்போது ரங்கத் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். சிவகங்கைச் சீமையிலிருந்து வேலைக்காகத் தீவுக்கு வந்தவன்; மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். சிஸ்டர் அங்கே நர்ஸ். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாய் தகப்பன் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு அவர் திரும்பிப் போக அங்கே யாரும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார். கணவருக்குக் கப்பலில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். குடும்பத்தைக் கடலுக்குக் கொடுத்த சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடற்கரைக்குத்தான் போவார் என்பது எனக்குப் புரியாத ஒன்றாகவே இருந்தது. பழைய கேமரா ஒன்று வைத்திருந்தார். ஸ்கூட்டர் என்னுடையது. கொக்கு, மீன்கொத்தி, நண்டு, நாலாக் கரையில் வாய்பிளந்து கிடக்கும் முதலை என்று எதைக் கண்டாலும் நின்று படம் எடுப்பார். எனக்குப் பறவைகளில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. தனியாக அறையில் கிடப்பதற்கு இது மேல் என்று கூடப் போனேன்.

அந்தப் பறவைக்கு அவர் வைத்த பெயர் முழியன். கோழி அளவு உடம்பு, தடித்த அலகு, முட்டி பெருத்த கால், தூக்கத்தைத் தொலைத்தவனுடையது போல மஞ்சளாகப் பெரிய கண். ஜோடியில் ஒன்று முட்டைமேல் உட்கார்ந்தால் மற்றது காவல் நிற்கும். ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை என்றார் சிஸ்டர். கடல் தள்ளிவிட்ட ஒரு பெரிய மரக்கட்டை தூரத்தில் கிடந்தது. அதன் பின்னால் குப்புறப் படுத்துத்தான் படம் எடுப்பார். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. ஒரு படத்தை என் போனுக்குக் கேட்டபோது தயங்கித்தான் அனுப்பினார். “யாருக்கும் குடுத்துறாதீங்க அண்ணே. இது அதுங்க வீட்டு விலாசம் மாதிரி.”

நான்கு நாள் அந்தப் படத்தை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், போர்ட் பிளேரில் லம்பா லைனில் இருக்கும் என் ஊர்க்காரர் போனில் பேசினார். கான்ட்ராக்டர், பறவைப் படம் எடுப்பதற்கென்றே பெரிய பெரிய லென்ஸ் வாங்கி வைத்திருப்பவர். எப்போதும் அவர் பேச, நான் கேட்பேன். இந்தப் பறவையைத் தேடி மூன்று வருஷமாக அலைகிறேன் என்று அவர் சொன்னபோது, அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற நினைப்பு என்னை என்னவோ செய்தது. படத்தை அனுப்பினேன். எங்கே என்று கேட்டார். சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அதை நம்பினேன் என்றுதான் எனக்கு நானே இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. நாலாவுக்கு இந்தப் பக்கம் இரண்டு கார்கள் நின்றன. கரையில் ஏழெட்டுப் பேர், முட்டையைச் சுற்றி அரைவட்டமாகக் கேமராக் கால்களை ஊன்றி நின்றார்கள். ஒரு பறவை தண்ணீர் ஓரத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தது. மற்றது அவர்களுக்கு முன்னால் சிறகுகளை அகல விரித்து, தலையைத் தாழ்த்தி, தொண்டை கிழியக் கத்தியது. சிறகை விரிக்கும் ஒவ்வொரு முறையும் கேமராக்கள் படபடவென்று அடித்தன. முட்டை வெயிலில் கிடந்தது.

“பீச்சே ஹட் ஜாயியே, ப்ளீஸ்,” என்று இந்தியில் சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஓடினார். பிறகு தமிழில், “கொஞ்சம் தள்ளிப் போங்க. அது வந்து உக்காரணும். முட்டை சுட்டுப் போயிரும்.”

“பத்தே நிமிஷம் மேடம்,” என்றார் ஒருவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதுக்காகவே மெயின்லேண்ட்லேருந்து ஃப்ளைட் புடிச்சு வந்திருக்கோம்.”

அப்போதுதான் என் ஊர்க்காரர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “மாப்ள! நீ சொன்ன இடம் அச்சு அசலா அப்படியே இருக்குய்யா!”

சிஸ்டர் என்னை ஒரு முறை பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “அண்ணே, ஃபாரஸ்ட் கார்டைக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம்,” என்று மட்டும் சொன்னார்.

போனில் சிக்னல் இல்லை. ஸ்கூட்டரில் போனேன். கார்டு வேறொரு கரைக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அவர்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சிஸ்டர் அந்த மரக்கட்டைக்கும் பின்னால், வெகுதூரத்தில் உட்கார்ந்திருந்தார். மடக்கிய குடை மடியில் இருந்தது. “குடையை விரிச்சு நிழல் குடுக்கலாமுன்னு போனேன்,” என்றார். “நான் கிட்டப் போகப் போக அதுவும் தள்ளித் தள்ளிப் போவுது. அதுக்கு நானும் அவங்கள்ல ஒரு ஆளுதானே.”

நான்கு மணிக்குப் பறவை வந்தது. முட்டையைக் குனிந்து பார்த்து, அலகால் லேசாகப் புரட்டி, அதன்மேல் மெல்ல அமர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. “ஒண்ணும் ஆகல சிஸ்டர், பாருங்க,” என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முப்பது நாளில் பொரிக்கும் என்று எங்கோ படித்திருந்தார். முப்பதும் போயிற்று, நாற்பதும் போயிற்று. பறவைகள் முறை மாற்றி முறை மாற்றி உட்கார்ந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் இருவரும் போய், தூரத்திலிருந்து பார்த்து, திரும்பி வந்தோம். எங்கள் நிலையத்தில் பிரசவத்தில் குழந்தை தங்காமல் போனால், வெளியே காத்திருக்கும் குடும்பத்திடம் போய்ச் சொல்வது எப்போதும் சிஸ்டர்தான். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அந்த வேலை மட்டும் அவரிடமே இருந்தது. ஐம்பதாவது நாளோ என்னவோ, மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே அந்தப் பறவை அடைகாத்தது. சிஸ்டர் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. “மனுசங்கன்னா கையைப் புடிச்சு உக்கார வச்சுச் சொல்லிருவேன்,” என்றார். “இதுங்ககிட்ட யாரு அண்ணே போய்ச் சொல்றது?”

அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். “என்கிட்ட ஏன் கேக்குறீங்க,” என்றார். அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த வாரம் போனபோது முட்டையும் இல்லை, பறவைகளும் இல்லை. பெரிய அலை ஒன்று மேடுவரை ஏறிப் போன அடையாளம் மணலில் இருந்தது. அந்த வருஷமே சிஸ்டருக்கு நிக்கோபார் பக்கம் மாற்றல் வந்தது. கப்பல் ஏறும் ஜெட்டியில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். “உடம்பப் பாத்துக்கங்க அண்ணே,” என்றார். பிறகு நாங்கள் பேசவில்லை. அவர் எண் என் போனில் இருக்கிறது.

ஓய்வு பெற்று இப்போது போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கிறேன். சென்ற மாதம் ஊர்க்காரர் மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார் என்று லம்பா லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் சோபாவுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்குக் கண்ணாடிச் சட்டமிட்டு, அன்றைக்குக் கரையில் அவர் எடுத்த படம் மாட்டியிருந்தது. சிறகுகள் அகல விரிந்திருக்க, வாய் பிளந்திருக்க, மஞ்சள் கண் நேராக என்னைப் பார்த்தது. எங்கோ பரிசு வாங்கிய படமாம். டீ கொண்டுவந்த அவர் மனைவி நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“எவ்வளவு சந்தோசமா ஆடுது பாருங்கண்ணே!” என்றார்.

ஊர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். டீ கையைச் சுட்டது. ஆமாம் என்றேன்.