பெருங்காயம் போட்ட மோர்

என் வயிற்றுக்கு வைத்தியம் சொல்லாத தமிழர் யாராவது சிங்கப்பூரில் மிச்சம் இருந்தால் முன்னால் வரலாம். ஓமத் தண்ணீர் குடி, சுக்குக் கஷாயம் வை, வெந்தயத்தை முழுங்கு, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவு, குப்புறப் படு. தேக்கா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர் என் முகத்தைப் பார்த்து, “கேஸ்டிரிக்கா தம்பி?” என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று.

கேஸ்டிரிக் இல்லை ஐயா. எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற சமாசாரம் துளி உள்ளே போனாலும் என் உடம்பு என் குடலையே பகையாளி என்று நினைத்து அடிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பும். பிறகு முறுக்கிப் பிழியும். பிறகு கழிப்பறையே வீடு. அதற்குப் பிறகும் இரண்டு நாளைக்குத் தலைக்குள் பஞ்சை அடைத்தாற்போல் இருக்கும், மாடிப்படி ஏறினால் கால் நடுங்கும்.

நோயைக் கண்டுபிடித்த டாக்டரிடம், தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் என்ன மருந்து என்று கேட்டேன். மருந்து கிடையாது என்றார். நிறையத் தண்ணீர் குடியுங்கள், உப்பும் சர்க்கரையும் போட்டுக் குடியுங்கள், வயிற்றில் வெந்நீர்ப் பை வையுங்கள், கஞ்சி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள், பாலைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள், படுத்திருங்கள், தானாக அடங்கும். இதைச் சொல்லவா இத்தனை வருஷம் படித்தீர்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னதை மட்டும் செய்துவிட்டுச் சும்மா கிடந்திருந்தால் இன்று எனக்கு அக்கா கையால் சாப்பாடு இருந்திருக்கும்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மணவிலக்கு ஆகிப் பல வருஷம் ஆயிற்று. புக்கிட் பாத்தோக்கில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, உள்ளே என்ன இருக்கிறது, எது எதோடு சேரக்கூடாது என்று எழுதுவது, சீட்டைப் படிக்காமல் மூடியைத் திறக்கிற பிள்ளைகளைத் திட்டுவது. இருபத்தாறு வருஷமாக இதுதான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

எனக்கென்று இருக்கிற ஒரே உறவு அக்கா. பொங்கோலில் இருக்கிறாள். அம்மா போனபோது எனக்குப் பதினொன்று, அவளுக்குப் பதினாறு. மேலே படிக்க வேண்டியவள் தொழிற்சாலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாள். காலை ஷிப்டுக்குப் போகுமுன் எனக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குக் கல்யாணமாகி, எனக்குக் கல்யாணமாகி, எனக்கு அது இல்லாமலும் ஆகி, எல்லாவற்றுக்கும் நடுவில் மாறாமல் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஒன்றுதான். வாரத்தில் மற்ற நாளெல்லாம் சோறு, முட்டை, பொரித்த மீன் என்று நானே எதையாவது செய்து விழுங்குவேன். சாம்பார், ரசம் வைக்கிற பொறுமை எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மனுஷனாகச் சாப்பிடுவேன்.

சீலியாக் என்று தெரிந்ததும் எனக்கு வந்த முதல் பயம் அந்தச் சாப்பாடு போய்விடுமோ என்பதுதான். அக்கா கலங்கவில்லை. “அரிசிச் சோறு திங்கிற ஜாதிடா நாம. கோதுமை இல்லன்னா செத்தா போயிடுவோம்?” என்றாள். அதோடு விடவில்லை. வீட்டில் இருந்த சோயா சாஸில் கோதுமை இருக்கிறது என்று நான் சொன்ன அன்றே பாட்டிலோடு தூக்கிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சப்பாத்தி கிடையாது என்று சட்டம் போட்டாள். எனக்கென்று புதிதாக ஒரு தோசைக்கல் வாங்கி, மற்றதோடு கலந்துவிடக் கூடாதென்று கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். அத்தான்தான் கிண்டல் பண்ணுவார். “இது வெள்ளக்காரன் வியாதி லா. ஒரு நாள் சாம்பார்ல ரெண்டு ஸ்பூன் மைதாவக் கரைச்சு ஊத்திப் பாப்போம், மாப்பிள்ளைக்குத் தெரியுதான்னு.” நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அந்த வார்த்தை என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது எனக்கே தெரியாது.

கோதுமையை விட்டதும் உடம்பு தேறியது. வெள்ளிக்கிழமை, சனிக்கிழமையெல்லாம் இருபது வயசுக்காரன் மாதிரி நடந்தேன். ஆனால் ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிறு உப்பும். முதலில் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் குடித்த காப்பியைச் சந்தேகப்பட்டேன். குடிப்பதை விட்டேன். அப்படியும் உப்பியது. ஒரு தடவை ஊதா லைன் ரயிலில் வீடு திரும்பும்போது சிராங்கூனில் பாய்ந்து இறங்கிக் கழிப்பறைக்கு ஓடினேன், உயிர் போய் உயிர் வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் சமைக்கவே பயப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து படுப்பேன். வெந்நீர்ப் பையை வைப்பேன். பிறகு, டாக்டர் என்னத்தைக் கண்டார் என்று, சின்ன வயசில் அக்கா எனக்குக் கொடுத்த மருந்தைச் செய்துகொள்வேன். நீர்மோரில் உப்புப் போட்டு, பெருங்காயப் பொடியைத் தாராளமாகத் தட்டிக் கலக்கி, மூன்று வேளை. பாலைத்தானே தள்ளி வைக்கச் சொன்னார், மோரையா சொன்னார்? இரண்டு நாளில் அடங்க வேண்டியது நாலு நாள் இழுக்கும். மோர் குடித்துமே இப்படி என்றால் குடிக்காவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ என்று இன்னொரு தம்ளர் கலக்குவேன்.

இப்படியே மாதக்கணக்கில் போயிற்று. ஒரு ஞாயிறு, வழக்கத்துக்கு முன்னாலேயே, அக்கா வீட்டு சோபாவிலேயே பிடித்துக்கொண்டது. சாம்பாரும் ரசமும் ஊற்றி நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். அக்கா பதறிவிட்டாள். மோரில் பெருங்காயம் கலக்கிக் கொண்டுவந்தாள். பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்து, பச்சைப் பிள்ளைக்குப் போடுவதுபோல் என் தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போட்டாள். ஐம்பது வயசு ஆம்பளை சட்டையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறேன். சாயங்காலம் மிளகு ரசத்தில் சோற்றைக் குழைத்து, “இத மட்டும் சாப்பிடு, சரியாயிடும்” என்று ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றும் உள்ளே போகப் போக வலி ஏறிக்கொண்டே போனது. கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

“சொல்லுக்கா, என்னத்தக் கலந்த?”

“என்னடா கலந்தேன்?”

“அத்தான் சொன்ன மாதிரி மைதா கலந்து சோதிச்சுப் பாக்குறீங்களா ரெண்டு பேரும்? ஒவ்வொரு வாரமும் இங்க சாப்பிட்டாத்தான் எனக்கு வருது. ஒவ்வொரு வாரமும்!”

அத்தான் டிவியை அணைத்தார். அக்கா கையில் ரசச் சட்டியோடு நின்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

“அம்மா இருந்திருந்தா எனக்கு இப்படிப் பண்ணியிருப்பாங்களா?”

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் டாக்சி பிடித்துக் கொடுத்தார். மறுநாள் அக்கா இரண்டு தடவை போன் பண்ணினாள். நான் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் ஒரு தடவை. அதையும் எடுக்கவில்லை. தப்பு செய்தவள் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். பிறகு போன் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், குளூட்டன் இன்னும் எங்கிருந்தோ உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்றார். எங்கிருந்து என்று எனக்குத் தெரியும் என்று கசப்போடு நினைத்துக்கொண்டேன். அவர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். சின்ன வயசு சீனப் பெண். வீட்டுச் சமையலறையில் இருக்கிற டப்பா, பாக்கெட் ஒன்று விடாமல் எடுத்து வரச் சொன்னாள். அடுத்த வாரம் ஒரு பை நிறையக் கொண்டுபோய் அவள் மேசையில் அடுக்கினேன். அரிசி மாவு, மிளகாய்த் தூள், மல்லித் தூள், புளி. ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து ஓரமாக வைத்தாள்.

கடைசியாக ஒரு மஞ்சள் டப்பாவைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள்.

“அது சாப்பாடு இல்லை மிஸ். மருந்து மாதிரி. வயிறு சரியில்லாதபோது நாங்கள் இதைத்தான் குடிப்போம்” என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். குழம்பு, ரசத்துக்கும் போடுவோம் என்று சேர்த்துச் சொன்னேன்.

எழுத்து பொடியாக இருந்ததால் அவள் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

“சார், இதில் கோதுமை மாவு இருக்கிறது.”

படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். பெருங்காயப் பிசினைத் தனியாக இடித்தால் பொடி நிற்காது, மாவு சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள், சிலர் அரிசி மாவு சேர்க்கிறார்கள், சிலர் கோதுமை மாவு. எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளைச் சீட்டைப் படி, சீட்டைப் படி என்று கத்தியவன் இந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. பெருங்காயத்தை எவனாவது சந்தேகப்படுவானா? அந்தப் பெண் முன்னால் நான் சிரித்தேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

சிரிப்பு அடங்கியதும்தான் மற்றது உறைத்தது. அக்கா வீட்டிலும் இதே மஞ்சள் டப்பாதான். அவள் கடைக்குப் போய் வாங்கியதில்லை. பொங்கோலுக்குப் போகிற வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எப்போதும் இரண்டு டப்பாவாக நான்தான் வாங்குவேன். ஒன்று எனக்கு. இன்னொன்றை அவள் கையில் கொடுத்து, “இந்த மார்க்தான் வாசனை, வேற எதையும் வாங்காதக்கா” என்று சொல்வேன். சோயா சாஸைத் தூக்கிப் போட்டவள், தோசைக்கல்லுக்கு நூல் கட்டியவள், தம்பி வாங்கிக் கொடுத்தது என்று இதை மட்டும் நம்பிவிட்டாள்.

அந்த ஞாயிறு அதே கடையில் நின்று நாலு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அரிசி மாவு என்று போட்டிருந்ததை வாங்கிக்கொண்டு பொங்கோலுக்குப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தாள். “வா” என்றாள். உள்ளே சப்பாத்தி வாசனை. அடுப்பில் என்னுடைய தோசைக்கல் இருந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல் இல்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பழைய டப்பாவையும் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னல் பக்கம் போய், எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“அப்ப நான் எதையும் கலக்கல.”

“கலக்கலக்கா. நான்தான்...”

“சரி.”

“மன்னிச்சிடுக்கா. வலியில வாய்க்கு வந்தத உளறிட்டேன்.”

“உளறலடா. ரொம்ப நாளா மனசுல வச்சிருந்து கேட்ட.” குரலை உயர்த்தவே இல்லை. “போகட்டும். எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா அம்மா பேர எடுத்து நீ இன்னொரு தடவ அப்படிக் கேட்டா என்னால தாங்க முடியாது. இனிமே உனக்குச் சமைக்க எனக்குக் கை வராது.”

நான் வாங்கிப் போயிருந்த புது டப்பாவை எடுத்து என் பையிலேயே போட்டாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது தட்டில் இரண்டு வாழைப்பழமும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன.

“தோலோட இருக்கு, நீயே உரிச்சுக்கோ. பாட்டில் சீல் பிரிக்கல. நான் எதுலயும் கை வைக்கல.”

அத்தான் சப்பாத்தியைப் பிய்த்துக் குருமாவில் தொட்டுச் சாப்பிட்டார். அக்கா என் எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பேசிக்கொண்டிருந்தாள், மழையைப் பற்றி, மின்தூக்கி பழுதானதைப் பற்றி. நான் இரண்டு பழத்தையும் தின்றேன். தண்ணீரைக் குடித்தேன். ஊதா லைனில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, எங்கேயும் பாய்ந்து இறங்காமல் புக்கிட் பாத்தோக் வந்து சேர்ந்தேன். அக்கா வீட்டில் சாப்பிட்டு எனக்கு வயிறு வலிக்காத முதல் ஞாயிறு அதுதான்.